ஒப்புக்கொடுத்த வலி

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். பத்திரிகை அலுவலகத்துக்கு நான்கு நாள் விடுப்பு. லிங்கராஜபுரத்திலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரி. மனைவி ஜெசிந்தாவுக்குப் பித்தப்பைக் கல், துளை வழி அறுவை. காலையில் உள்ளே, மாலையில் வீடு. அப்பாவுக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது வாரக்கணக்கில் வார்டில் இருந்தார். இப்போது வார்டு வேலை வீட்டுக்காரனுக்கு.

நர்ஸ் கன்னடம் கலந்த தமிழில் சொன்னவை: மாத்திரை நேரம் தவறக்கூடாது. நடக்க வேண்டும். ஆழமாக மூச்சு. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைக்க வேண்டும். வயிற்றில் ஏற்றிய வாயுவால் தோளில் வலிக்கும், பயம் வேண்டாம்.

"அங்கிள், நோவு வந்தப்புறம் மாத்திரை தேடாதீங்க. முந்தியே கொடுத்துடுங்க, ஆய்த்தா?"

திரும்பும் வழியில் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் ஜெ. என் கையை இறுக்கினாள். ஆட்டோக்காரர்: "மெதுவாத்தான் சார் போறேன். ரோடு அப்படி."

மார்ச் 4, புதன்

கஞ்சி. மாத்திரை. பால் இரண்டு பாக்கெட். குழாயில் தண்ணீர் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன். வலி பத்துக்கு எத்தனை?

"ரெண்டுதான் சிஸ்டர்."

சொல்லும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தாள். இருமலை விழுங்குகிறாள். நடக்கச் சொன்னால் "அப்புறம்".

மாலை உறை மாற்றத் தலையணையைத் தூக்கினேன். நேற்றிலிருந்து கொடுத்த மாத்திரை அத்தனையும் கைக்குட்டையில் முடிந்து கிடந்தன.

"தவக்காலம்ங்க. இந்த வலிய ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருக்கேன். நிர்மலா வயித்துல இருக்கறது தங்கணும். அவகிட்ட சொல்லிடாதீங்க."

நிர்மலா எங்கள் மகள். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறாள். ஐந்தாம் மாதம், படுக்கையை விட்டு எழக்கூடாது. இதற்கு முன் இரண்டு தங்கவில்லை.

கேள்வி கேட்டே பிழைத்தவன். மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5, வியாழன்

ஜெ.வுக்குக் காய்ச்சல். மறுபடி ஆட்டோ. டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து நெடுநேரம் கேட்டார். தையல் நன்றாக இருக்கிறது. நுரையீரலின் அடிவரை காற்று போகவில்லை. வலிக்காக மூச்சை அடக்கினால் சளி தங்கும், நிமோனியா வரை போகும். நாளையும் இப்படியென்றால் அட்மிஷன்.

"மாத்திரை வலிக்கு மட்டும் இல்லம்மா. நீங்க மூச்சு விடறதுக்கு."

ஜெ. தலையாட்டினாள். வீட்டில், கொடுத்த மாத்திரை மூடிய கையிலேயே இருந்தது.

நிர்மலாவைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, எனக்கு சிசேரியன் ஆனா நானும் மாத்திரை போடக்கூடாதா?"

"நீ போட்டுக்கணும்டி. பச்ச உடம்பு."

"உன்னோடது மர உடம்பா? நீ ஐசியூல கெடந்தா எம்புள்ளைய யாரு குளிப்பாட்டறது?"

"இப்பவே அதெல்லாம் பேசாத. கண்ணு படும்."

பிறகு ஜெ. என்னிடம், "வாக்கு குடுத்துட்டேனேங்க. ஆண்டவர்கிட்ட எப்படித் திரும்ப வாங்கறது?"

அவளே முடிவு செய்தாள்.

"அப்ப எனக்குப் பதிலா நீங்க போங்க. நாளைக்கு கோவில்ல சிலுவைப்பாதை. பெஞ்சுல உக்காரக்கூடாது. முட்டி போடணும்."

"அப்பாவா? கோவிலுக்கா?" நிர்மலா சிரித்தாள். சிரித்து எத்தனை மாதம்.

என் முழங்கால் தேய்ந்தது இருவருக்கும் தெரியும். சரி என்றேன்.

மாத்திரையை விழுங்கினாள்.

மார்ச் 6, வெள்ளி

காய்ச்சல் இறங்கியது. ஜெ. வாசல்வரை நடந்தாள். இருமினாள், சளி வந்தது.

மாலை கோவில். கூட்டம். சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலங்கள், ஒவ்வொன்றுக்கும் முழங்காலில். தரை வெறும் கல். பாதியில் பக்கத்திலிருந்த பெண்மணி, "பிரதர், கஷ்டப்படாதீங்க, பெஞ்சுல உக்காருங்க." உட்காரவில்லை. ஜெபம் மறந்துவிட்டது. மகள் பெயரை மட்டும் சொன்னேன்.

வீடு வந்தபோது ஜெ. தூக்கத்தில். மூச்சு வயிறுவரை இறங்கி ஏறுகிறது.

முழங்கால் இரண்டும் வீக்கம். அவளுடைய மாத்திரை கை எட்டும் தூரத்தில். இன்று எனக்கு வேண்டாம்.