முண்டியம்பாக்கம் வரைக்கும் ஒரு உயில்

இன்று காலை தம்பி பெருமுக்கலிலிருந்து ஒரு மூட்டை பச்சை வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, கொண்டுவந்து போட்டான். "உன் பங்குல வெளைஞ்சதுக்கா" என்றான். அடுப்பில் அது வேகிற வாசனையிலேயே உன் ஞாபகம் வந்துவிட்டது.

தினமும் நாம் திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரம் போவதற்குள் நீ கதையில் ஒரு குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்திவிடுவாய். கல்லூரியில் நடத்தவேண்டிய விக்டோரியா ராணி காலத்து நாவல்களை முதலில் எங்கள் பெட்டியில்தான் நடத்திப் பார்ப்பாய். சொத்துக்காரக் கிழவர் படுத்த படுக்கையாகக் கிடப்பார். வாரிசுகள் சுற்றி நின்று அழுகிற மாதிரி நடிப்பார்கள். முண்டியம்பாக்கத்தில் சரியாக அவரைச் சாகடித்து, உயிலைப் பிரிக்கிற நேரத்தில், "மிச்சம் நாளைக்கு" என்று பையை மாட்டிக்கொள்வாய். கூட வரும் பூக்கார அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உயிலைப் படிச்சிட்டுப் போம்மா, பேஜாரா கீது!"

அப்பாவின் நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கப் போன அன்று, சாட்சிக் கையெழுத்துக்கு உன்னைத்தான் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கூடப்பிறந்தவன் தரும் ஒரு பட்டுப்புடவையை வாங்கிக்கொண்டு பெண்கள் கையெழுத்துப் போட்டுவிடவேண்டும். எனக்கோ துளியும் மனசில்லை. பங்கு கேட்டால் பிறந்த வீடே இல்லாமல் போய்விடுமோ என்று பயம்.

பதிவு அலுவலகத்தில் காத்திருந்தபோது நீ சும்மா இருப்பாயா? தம்பியிடம் கதையைத் தொடங்கினாய். கதையில் அப்பா செத்ததும் அந்த நாட்டு வழக்கப்படி வீடும் நிலமும் அண்ணனுக்கே. தங்கைகள் ஒரு பெட்டியோடு மழையில் வெளியேறுகிறார்கள். தம்பி கொதித்துப்போனான்.

"இன்னா ஆளு டீச்சர் அவன்? கூடப் பொறந்ததுங்கள தொரத்திட்டு எப்படிங்க சோறு துன்னான்?"

தம்பி தன் மடியிலிருந்த புடவைப் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். உள்ளே எங்களைக் கூப்பிட்டார்கள்.

"ஏந்திரிக்கா, டீ குடிச்சிட்டு வூட்டுக்குப் போலாம்" என்றான்.

டீக்கடையில் உன்னிடம் மெதுவாகக் கேட்டான்: "அந்த அண்ணன் கடைசில இன்னா ஆனான் டீச்சர்?"

"மிச்சம் நாளைக்கு" என்றாய், பாவி! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

திடீரென்று செத்துப்போன நீ உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. உன் கதைகளை நானே எடுத்துக்கொண்டேன். அதே ரயிலில் நான்தான் இப்போது கதை சொல்கிறேன். எல்லாத் தங்கைகளுக்கும் சமபங்கு கொடுத்து, விழுப்புரம் வருவதற்குள் சுபமாக முடித்துவிடுகிறேன். பூக்கார அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"நீ ஜல்தியா முடிச்சிடற. அந்த டீச்சரு நிறுத்திக்கினு போனா, நாளைக்கும் வருவாங்கன்னு இருக்கும்" என்றார் நேற்று.

நாளைக்கு அவருக்கு வேகவைத்த மல்லாட்டை கொண்டுபோகிறேன். கதையை முண்டியம்பாக்கத்தோடு நிறுத்தப்போகிறேன்.