தண்ணீரில் நின்ற கட்டி

அஸ்தினாபுரம்
6.5.2024

அன்புள்ள துர்கா அப்பாவுக்கு,

போனில் ஆரம்பித்தாலே சண்டையில் போய் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன். துர்காவுக்கு இளைப்பு குறைந்திருக்கிறது. ஆனாலும் அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். என் புத்தி உங்களுக்குத் தெரியாததா?

மறைமலை நகர் பக்கம் கோடை மழையாமே. ஊரில் டிராக்டர்கள் இறங்கியிருக்கும். கிணற்றுமேட்டு அரை ஏக்கரில் மட்டும், மண்ணைப் பொடியாக்குகிற அந்த ரோட்டாவேட்டரை விட்டுவிடாதீர்கள். மூன்று வருஷம் உழாமல் காத்த மண். முதல் இரண்டு வருஷம் கடலை சரியாக விளையவில்லை, ஒப்புக்கொள்கிறேன். "படிச்ச மருமவ நெலத்த பாழாப் போட்டுட்டா" என்று மாமா ஊரெல்லாம் சொன்னதில்தானே நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தேன்.

ஒன்று செய்யுங்கள். வயலின் நடுவிலிருந்து கையளவு மண்கட்டி ஒன்று எடுத்து, காயவைத்து அனுப்புங்கள். காலேஜில் செய்து பார்த்ததுதான். உழுத மண் தண்ணீரில் விழுந்ததும் கரைந்து கலங்கிவிடும். உழாத மண்ணை வேரும் புழுவும் விட்ட பசை பிடித்து வைத்திருக்கும். கட்டி அப்படியே நிற்கும். நின்றுவிட்டால் நம் மூன்று வருஷம் வீண் இல்லை. மறுநாளே துர்காவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். மாமா என்ன பேசினாலும் சரி. சத்தியம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
கோகிலவாணி


19.5.2024

வாணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். குட்டிக்கு என் முத்தம். அவளைத் தூங்க விடு, மூக்கை நோண்டாதே.

நேற்றும் ஒரு புரோக்கர் பைக்கை நிறுத்தினான். "சார், நெலம் சும்மாத்தானே கீது, குடுத்துடறீங்களா?" என்றான். அப்பா விடுவாரா? "புல்லு மொளச்சிக் கெடந்தா கண்டவனும் கேக்கத்தான் செய்வான். உழுதாதான்டா ஊரு உன்னுதுன்னு நம்பும்" என்று என்மேல் பாய்ந்தார்.

தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் ஏற்றி வரும் சம்பத் அண்ணனிடம் கட்டியைக் கொடுத்திருக்கிறேன். நீ சொன்ன இடத்தில் எடுத்ததுதான். உழவெல்லாம் இல்லை, பயப்படாதே. தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பி வா. உன் தலையணையை வெயிலில் காயப் போட்டிருக்கிறேன். வீடு வீடாக இல்லை.

தினகரன்


அஸ்தினாபுரம்
2.6.2024

துர்கா அப்பாவுக்கு,

கட்டி நின்றது.

எவர்சில்வரில் தெரியாதென்று கண்ணாடி டம்ளரில் போட்டேன். ஒரு துளி கலங்கவில்லை. "அம்மா, கல்லு குளிக்குது" என்று துர்கா கை தட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டியில் துணி அடுக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம் டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். கட்டியின் ஓரத்தில் நீலமாக ஒரு சொட்டு. எல்லைக்கல்லுக்கு நாம் அடித்த பெயிண்ட். துர்கா அப்போது வயிற்றில் ஏழு மாதம். ஸ்டூல் போட்டு உட்கார வைத்தீர்கள். நான் டப்பாவைத் தட்டிவிட்டு வரப்பெல்லாம் நீலமாக்கினேன். எவ்வளவு சிரித்தோம்.

வரப்பில் கலப்பை ஏறாது. அதனால்தான் கட்டி நின்றிருக்கிறது. ரோட்டாவேட்டர் ஓடிய வயலில் எடுக்க உங்களுக்குக் கட்டியே மிஞ்சவில்லை, இல்லையா?

மாமா சொன்னாரா, புரோக்கருக்குப் பயந்தீர்களா, கேட்கப் போவதில்லை. வேர் வேராக மூன்று வருஷம் மண்ணுக்குள் சேர்ந்த கரிமம், புரட்டிப் போட்டதும் காற்றுப் பட்டு நாம் விடுகிற மூச்சு மாதிரி வெளியே போய்க்கொண்டிருக்கும். புழு போட்ட வழியெல்லாம் தூர்ந்திருக்கும். அடுத்த மழைக்கு மேல்மண் அப்பளமாக இறுகும். ஒவ்வொரு சண்டையிலும் சொன்னதுதான்.

"உழுதுட்டேன்டி" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அழுது முடித்துவிட்டு, மறுபடியும் முதல் வருஷம் என்று வந்திருப்பேன். நான் வர வேண்டும் என்றுதான் வரப்பில் வெட்டினீர்கள். அது புரிகிறது. புரிவதால் கோபம்கூட வர மாட்டேன் என்கிறது. ஆனால் இனி நீங்கள் எதைச் சொன்னாலும் தண்ணீரில் போட்டுப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றும். அப்படி ஒரு குடித்தனம் உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

துணியைத் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டேன். துர்காவை இங்கேயே ப்ரீகேஜியில் சேர்த்தாயிற்று. மழை வரும் என்கிறார்கள். தலையணையை உள்ளே எடுத்து வையுங்கள்.

கட்டி இன்னும் டம்ளரில்தான் இருக்கிறது. கொட்ட விட மாட்டேன் என்கிறாள் துர்கா.

கோகிலவாணி