வீட்டில்தான் இருக்கிறார்

என் செல்ல அப்பாவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் எம்.எஸ்ஸி. செல் உயிரியல் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேன், நாளெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்க்கிறேன், நின்றுகொண்டே திரும்புகிறேன். அலுத்துப்போகிறதப்பா. அம்மாவிடம் இதைச் சொல்ல முடியாது.

ப்ராஜெக்ட் என்னவென்று கேட்பாய். கன்னத்தின் உட்புறத்தைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, கண்ணாடியில் தடவி, சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு செல்லில் ஒரு நியூக்ளியஸ்தான் இருக்கும். செல் பிரியும்போது ஏதாவது கெட்டிருந்தால், பக்கத்தில் பொட்டு மாதிரி இன்னொன்று கிடக்கும். அந்தப் பொட்டுகளை எண்ணுவதுதான் என் வேலை. உன்னோடு தோல்ஷாப்பில் தோல் பதனிட்டவர்கள் ஒரு வரிசை. தோலைத் தொடாதவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க, இன்னொரு வரிசை. அதற்குப் பெயர் கன்ட்ரோல்.

கன்ட்ரோலுக்கு நம் தெருப் பெண்களைப் பிடித்தேன். படிவத்தில் வேலை என்ன என்று ஒரு கேள்வி. "இன்னா வேலை, வீட்லதான்மா இருக்கேன்" என்றார் எதிர்வீட்டு ஷமீம் ஆபா. அம்மாவும் அதையேதான் சொன்னாள். அப்படியே எழுதிக்கொண்டேன்.

போன வாரம் என் ப்ராஜெக்ட் கைடு மேடம் ஒரு ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "கன்ட்ரோல்ல ஏம்மா இவ்ளோ ஜாஸ்தியா வருது? இது யாரு?" என்றார்.

"எங்கம்மா மேடம்."

"வீட்ல என்ன பண்றாங்க?"

"சமைப்பாங்க. மத்த நேரம் அப்பர் தைப்பாங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஏஜென்ட் கொண்டுவந்து போடும் ஷூ மேல்தோல் கட்டுகள், தோல் ஒட்டும் சொல்யூஷன் டப்பா, ஜன்னலே இல்லாத முன்னறை. அம்மா தைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கன்னத்திலிருந்து எடுத்தேன். அப்படியும் "வீட்டில்தான் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறேன். நம் தெருவில் கம்பெனி கேட்டைத் தாண்டிப் போய் வந்தால்தான் அது வேலை. நீயும் "அவளுக்கின்னா, வீட்லதான இருக்கா" என்றுதானே சொல்வாய்? உன் மேல் கோபம் வருகிறதப்பா. என் மேல் அதைவிட ஜாஸ்தி.

இதை வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது என்றார் மேடம். ஆனால் ஷமீம் ஆபா உட்பட அந்த வரிசையில் எல்லோரும் வீட்டில் அப்பர் தைப்பவர்கள்தான்; வரிசை முழுக்கச் செல்லாது. ஒப்படைக்க மூன்றே வாரம். "கெட்ட ஸ்லைட மட்டும் சத்தமில்லாம எடுத்துடுடி" என்றாள் கூடப் படிப்பவள். செய்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவ்வளவு களைப்பு. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டாள். பயப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப என் வேலைய இன்னான்னு எழுதுவ?"

"தோல் வேலை, இருபது வருஷம்னு."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இருபத்தஞ்சு. நீ வயித்துல இருக்கும்போதே தைச்சேன்."

அதற்குமேல் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. தெருப் பெண்களுக்கு மூன்றாவது வரிசை போடப்போகிறேன். கன்ட்ரோலுக்குத் தோல் வேலையே இல்லாத கலவை ஊர்ப் பக்கம் ஆள் தேட வேண்டும். பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும். போகட்டும். அந்த இருபத்தைந்து வருடத்தை எழுதாமல் எதையும் ஒப்படைக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இரண்டு தோல் தொழிலாளிகளின் மகள்,
ரேவதி