செல்லூர் வீட்டுக்கு இரண்டாவது சாட்சி

வாடிப்பட்டி
4.6.2024

அன்புள்ள ஷாஹீதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கத்துகிறேன் என்று என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். எழுத்தில் கத்த முடியாது என்று நினைத்திருப்பாய், பார்ப்போம்.

நான் நலம். மெத்தைக் கடையில் கல்யாண சீசன் வியாபாரம் பரவாயில்லை. செல்லூர் வீட்டை உன் பெயருக்கு எழுதிவைக்கிறேன் என்று சொன்னதில் மாற்றமில்லை. பத்திரம் தயார். இரண்டு சாட்சி வேண்டுமாம். என்னை நன்றாகத் தெரிந்தவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாக, நாளைக்குக் கோர்ட்டில் கூப்பிட்டாலும் வருகிறவர்களாக இருக்க வேண்டும் என்று பத்திர எழுத்தர் சொன்னார். பக்கத்து உரக்கடை அழகுமலை ஒருவர். தம்பி அசாருதீனைக் கேட்டேன். "வீட்ட எழுதிக் குடுத்துட்டு நீ நடுத்தெருவுல நிப்ப. அதுக்கு நான் சாட்சியாண்ணே?" என்று போனை வைத்துவிட்டான். இன்னொரு ஆளை நீ சொல்.

பதிந்த பிறகு நான் பழையபடி அங்கே வந்து இருக்கலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

உன் கணவன்
யூனுஸ்

செல்லூர்
9.6.2024

அன்புள்ள உங்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கேட்கவில்லை என்று எழுதியே கேட்டுவிட்டீர்கள். அதற்குப் பதில் பிறகு.

சாட்சிக்கு மன்சூர் அண்ணனைக் கூப்பிடலாம். பக்கத்துத் தறிக்கூடம், கூப்பிட்ட குரலுக்கு வருவார். உங்களோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவரைவிட உங்களைத் தெரிந்தவர் இந்த ஊரில் யார்? இதைப் படிக்கும்போது உங்கள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும். நான் டெங்குவில் கிடந்தபோது நீங்கள் சரக்கெடுக்க வெளியூர் போயிருந்தீர்கள். அவர் என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அந்தக் குற்றத்துக்காக இரண்டு வருஷமாக நீங்கள் அங்கே, நான் இங்கே. என் மடியில் கனமில்லை, அதனால்தான் அவர் பேரைத் தயங்காமல் எழுதுகிறேன்.

புரோட்டாவையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஷாஹீதா

வாடிப்பட்டி
13.6.2024

ஷாஹீதா,

அண்ணன் என்று எழுதியிருக்கிறாய். நல்ல அண்ணன். வாய் நிறையக் கூப்பிட்டுக்கொள்.

எழுத்தர் ஒரு மாதிரிப் பத்திரம் காட்டினார். என் கையெழுத்துக்குக் கீழேதான் சாட்சியின் கையெழுத்து வருகிறது. உன் பெயர் இருக்கிற தாளில் அவன் பெயரா? நாம் மூன்று பேரும் மண்ணுக்குள் போன பிறகும் அந்தத் தாள் இருக்கும். நினைத்தாலே வயிறு எரிகிறது. ஆமாம், பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது? காய்ச்சல் விட்டு நீ கண்ணைத் திறந்தபோது முதலில் பார்த்த முகம் அவனுடையது. அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும். அதை எந்தப் பத்திரம் போட்டு எனக்கு மாற்றித் தருவாய்?

ஆளை நான் கொண்டுவருகிறேன். பக்ரீத் கழிந்து இருபதாம் தேதி ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வா. தனியாக வா.

யூனுஸ்

செல்லூர்
24.6.2024

அன்புள்ள உங்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதிவு முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். அதனால் இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

ஆபீஸ் எதிரே டீக்கடையில் பிடித்து வந்த ஆளை நம்பினீர்களே! உங்களைக் காட்டி "இவர் பேர் என்னய்யா?" என்று சார்பதிவாளர் கேட்டதும் அந்த ஆள் "யூசுப் பாய்ங்க" என்றபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பத்திரத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அப்புறம்தான் நான் மன்சூர் அண்ணனுக்குப் போன் போட்டேன். தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "இவரத் தெரியுமா?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும். "நல்லாத் தெரியும் சார். கோவக்காரன். கெட்டவன் இல்ல." நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். மனுஷர் நீட்டிய கையைக்கூடத் தொடவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வரலாம். ஒற்றை ஆளுக்கு உலை வைத்து எனக்கும் அலுத்துவிட்டது. ஆனால் மாடியை மன்சூர் அண்ணனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன், துண்டு மடித்து அடுக்க. தினமும் வருவார், போவார். நான் டீ கொடுப்பேன். பொறுக்க முடியும் என்றால் நாளைக்கே வாருங்கள். வந்து ஒருநாள் வாயை விட்டீர்களானால் இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. யோசித்து, உண்மையை எழுதுங்கள்.

ஷாஹீதா

வாடிப்பட்டி
2.7.2024

அன்புள்ள ஷாஹீதாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பொறுத்துக்கொள்வேன் என்று எழுதி எழுதிக் கிழித்தேன். பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அழகுமலை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விடுகிறேன் என்று வண்டியைத் துடைத்து வைத்திருந்தார்.

ஆனால் உண்மையை எழுதச் சொன்னாய். முதல் வாரம் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். அதற்கப்புறம் அவன் படி ஏறுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ டீ கொடுத்தால் சிரித்துக்கொண்டு கொடுத்தாயா என்று பார்ப்பேன். உங்களுக்குள் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும். தெரிந்தும் எரிகிறதே, அதற்கு நான் என்ன செய்வேன்? உன்மேல் ஆசை குறைந்திருந்தால் வந்து நிம்மதியாக இருந்திருப்பேன்.

வரவில்லை. மாடியைக் காலி செய்யச் சொல்லிவிடாதே, வாடகை உனக்கு ஆகும். அவன் என்னைப் பற்றிக் கேட்டால் நலம் என்று சொல். நான் விசாரித்ததாகச் சொல்லாதே. அந்த அளவுக்கு நான் இன்னும் ஆகவில்லை.

யூனுஸ்