விசில் கேட்காத மதியங்கள்

மார்ச் 3

அன்புள்ள சிஸ்டர் அக்காவுக்கு,

ஏழாம் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த கண்டக்டரின் மகள் எழுதுகிறேன். டெய்லரம்மா என்று கூப்பிடுவீர்களே, அதே ஆள்தான். அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இடுப்பெலும்பு கூடி வருகிறதாம். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடது, முதுகு, வலது என்று திருப்பிப் படுக்க வைக்கிறேன். திருப்பி முடித்ததும், வார்டில் செய்த மாதிரியே இங்கேயும் அப்பா உதட்டைக் குவித்து ஒரு விசில், பிறகு "போலாம் ரைட்!" முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திய வாய் சும்மா இருக்குமா?

முதுகின் அடியில் வந்த புண்தான் இன்னும் ஆறவில்லை. அதற்கு யாரைக் குறை சொல்வது? சொகுசாக இருக்கட்டும் என்று மிச்சத் துணியில் சின்ன மெத்தை தைத்துக் கொடுத்தவள் நான். அதன் தையல் அழுத்தித்தான் புண் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். திட்டாமல் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தீர்கள். அதை மறக்க மாட்டேன். உங்களைப் பாராட்டி உங்கள் ஆஸ்பத்திரிக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். கூச்சப்படாதீர்கள்!

அன்புடன்,
கண்டக்டர் மகள்

மார்ச் 11

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. புண்ணைத் தினமும் கழுவி, ஈரம் ஒற்றி, புதுக்கட்டுப் போடுங்கள். ஓரம் கறுத்தாலோ நாற்றம் வந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். முட்டையும் பாலும் நிறையக் கொடுங்கள்.

அந்த மெத்தையின் மேல் தப்பில்லை. அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்கு எழுதியதை வார்டு வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். அப்படியெல்லாம் எழுதியிருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஏழாம் வார்டு சிஸ்டர்

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

மருந்துச் சீட்டு மாதிரி எழுதியிருக்கிறீர்களே! நலமா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. போகட்டும், வேலை அதிகமாக இருக்கும்.

மெத்தையின் மேல் தப்பில்லை என்கிறீர்கள். என்னைச் சமாதானப்படுத்தத்தானே? அதை அன்றைக்கே பிரித்துப் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடச் சட்டைகள் நாற்பது தைக்க வேண்டியது அப்படியே கிடக்கிறது. ஒவ்வொரு தையலையும் உள்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பார்க்கிறேன், பிரிக்கிறேன், மறுபடி தைக்கிறேன். "உனக்கு என்ன ஆச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். பெற்ற அப்பாவின் முதுகைக் கிழித்த கை இது, வேறென்ன ஆகும்?

இன்னொன்று கேட்க வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். கடைசிப் பத்து நாளும் நீங்கள் அப்பாவிடம் பேசவே இல்லையாம். கட்டுப் போட வருவீர்கள், முகத்தைப் பார்க்காமலே போய்விடுவீர்களாம். "அந்தப் பொண்ணுக்கு எம்மேல என்னம்மா கோவம்? நான் ஏதாவது சொல்லிட்டேனா?" என்று தினமும் கேட்கிறார். வயசானவர், வாய்க்கொழுப்பு கொஞ்சம் உண்டு. ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
கண்டக்டர் மகள்

மார்ச் 27

டெய்லரம்மா,

மன்னிப்புக் கேட்கிறீர்களே, என்னிடம்! இதை நான்கு தடவை எழுதிக் கிழித்திருக்கிறேன். இது ஐந்தாவது.

உங்கள் தையல் அப்பாவை ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான்.

கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்குமே, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினோம் என்று எழுதுகிற தாள். புண் வந்த வாரம் வார்டில் நாற்பது பேருக்கு நாங்கள் இரண்டே பேர். நீங்கள் பக்கத்தில் இல்லாத மூன்று மதியம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நான் அப்பாவைத் திருப்பவில்லை. ஐந்து மணிக்கு மேல் உட்கார்ந்து ஒரே மூச்சில் "வலது", "இடது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆள் இல்லை, நேரம் இல்லை என்பது நிஜம். திருப்பவில்லை என்று எழுதுவதற்கு ஆள் எதற்கு? பொய் எழுதியது நான்தான்.

நான்காம் நாள் குளிப்பாட்டும்போது புண் தெரிந்தது. டாக்டர் மெத்தையைத் தூக்கிக் காட்டினார். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதீர்கள். அந்தத் தாள் என் கையில்தான் இருந்தது. நான் தண்ணீர் கொண்டுவரப் போனேன். நீங்கள் நன்றி சொல்கிற அந்தத் தண்ணீர், அங்கே நிற்க முடியாமல் ஓடிய சாக்கு.

அப்பாவின் மேல் எனக்கு என்ன கோபம்? அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மூஞ்சி இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை விட்டேன். வார்டில் ஒரு நிமிஷம்கூட உட்காருவதில்லை. எனக்கு இந்தத் தண்டனை வேண்டும் என்று நினைத்தேன். போன வாரம் ஒரு பாட்டியம்மா பெல் அடிக்காமல் படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டார். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "உன்னைப் பாத்தா பயமா இருக்கும்மா. கையெல்லாம் முரட்டுத்தனமா இருக்கு" என்றார். நான் எனக்கு விதித்த தண்டனையை அவர்கள் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை, பாருங்கள்.

இன்று காலை எல்லாவற்றையும் தலைமை நர்ஸிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணை உண்டு. வாசலில் ஒட்டியிருந்த உங்கள் கடிதத்தை நானே எடுத்துவிட்டேன். அப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், எனக்குத் தைரியம் இல்லை. பதில் போட வேண்டாம். வெட்கமாக இருக்கிறது.

சிஸ்டர் என்று போட்டுக்கொள்ளக் கை கூசுகிறது

ஏப்ரல் 5

அக்கா,

பதில் போட வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்?

படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்றரை மாதம் அக்கா! ஒன்றரை மாதம் என் கையை நானே சபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அன்றைக்கு. பொய் எழுதியதைவிட என்னை அழவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றீர்களே, அதுதான் ஆறவில்லை. மன்னித்தேன் என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை. வராததை எழுதினால் நானும் பொய்க் கையெழுத்துப் போட்ட மாதிரிதானே?

அப்பாவிடம் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்குத் தெரியாதா? மூணு மத்தியானம் நான் விசிலே அடிக்கலையே" என்றார்.

தெரிந்திருந்தும் ஏன் கூப்பிடவில்லை என்று கத்தினேன். "அந்தப் பொண்ணு கால் ரெண்டும் வீங்கிப்போய் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கூட்டமான வண்டில ஒத்த ஆளா நின்னவன் நான், எனக்குத் தெரியும். ரெண்டு டிரிப்பு விட்டா என்னன்னு இருந்துட்டேன். அதுல புண்ணு வரும்னு எனக்கு என்ன தெரியும்? ஆனா மெத்தை தச்சதுனாலதான்னு நீ அழுதப்ப அதுனாலயா இதுனாலயான்னு எனக்கும் சந்தேகம் வந்துடுச்சு. நிச்சயமா தெரியாம அந்தப் பொண்ண மாட்டிவிட வேண்டாம்னுதான் வாயத் தொறக்கல" என்கிறார். அவரோடும் இரண்டு நாள் நான் பேசவில்லை. உங்கள் இரண்டு பேரின் பெருந்தன்மைக்கும் பயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

சட்டைகளை நேற்று தைத்து முடித்துவிட்டேன். ஒரு தையலைக்கூடப் பிரிக்கவில்லை.

புண் பாதி ஆறியிருக்கிறது. அப்பாவை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரே கையால் கட்டுப் போட என்னால் முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு லீவு என்றால் வாருங்கள். நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் கட்டுங்கள். சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். நீங்கள் பட்டினி கிடந்தால் எங்கப்பா முதுகில் சதை வளருமா? வெறும் வயிற்றோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு இடது பக்கம் திருப்ப வேண்டும். அதை உங்களுக்கு விட்டு வைக்கிறேன். முதலில் அவர் முகத்தைப் பாருங்கள், அப்புறம் திருப்புங்கள். விசிலை அவர் பார்த்துக்கொள்வார்.

கண்டக்டர் மகள்