ரிலீவர் வராத எலும்புப் படை

என் பாசுக்கு,

உன் எலும்புப் படையைப் போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியிலிருந்து எடுத்தேன். நீ போன பிறகு முதல் முறை. கூடத்து மேசையில் பச்சைத் துணி விரித்து, நீ ஆடும் போர் விளையாட்டின் விரல் உயர எலும்புக்கூட்டுப் பொம்மைகளை வரிசையாக நிறுத்தினேன். அம்மா வந்து பார்த்தாள். "இன்னாடி, சாவு வூட்ல எலும்பைப் பரப்பிகினு கீற?" என்று திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

எதிரில் குதிரைப்படையோடு முத்து. கம்பெனியில் உன் லைனில் உன்னோடு ஷிப்ட் பார்த்த அதே திருநெல்வேலி முத்து. சுங்குவார்சத்திரம் ரூமைக் காலி செய்துவிட்டு இப்போது பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிறான். உன்னோடு ஆடியவர்கள் உன் படையைப் பிரித்துக்கொள்ளக் கேட்பதாக அவன்தான் சொன்னான். ஆட ஆளில்லாத படையைப் பங்கு போடுவது உங்கள் வழக்கமாமே. நானே ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் உனக்கு எதிரே குதிரைப்படை வைத்து ஆடியவளுக்கு, உன் பக்கம் நின்று ஆட வராதா?

வரவில்லை. உன் எலும்புக்கூடுகள் பயந்து ஓடாது, ஆனால் மெதுவாகத்தான் நடக்கும். சுவர் மாதிரி நின்று குதிரைகளைத் தடுப்பதே அவற்றின் வேலை. விழுந்தவர்களை மந்திரவாதி சுற்றுக்குச் சுற்று எழுப்புவான். அப்படி எழுந்து வருகிறவனுக்கு, லைனில் நிற்பவனை மாற்றிவிட வரும் ஆளைச் சொல்வது போல, நீ வைத்த பெயர் ரிலீவர். மந்திரவாதி செத்தால் மொத்தப் படையும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை முறை அவனைத் துரத்திக் கொன்றிருக்கிறேன்.

அதனால் அவனை மேசைக் கோடியில், தெர்மாகோல் மலைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவன் கண்களை நீ பல்குச்சி முனையால் புள்ளி வைத்து வரைந்திருந்தாய். அவன் சாவதை நான் பார்க்க வேண்டாம் என்றிருந்தது. வேறென்ன சொல்ல?

முன்வரிசை விழுந்தது. ஒருவனும் எழவில்லை. இரண்டாம் வரிசையும் பாதி போனபோது, முத்து டேப்பை எடுத்து மந்திரவாதியிலிருந்து படை வரைக்கும் அளந்தான். மந்திரம் ஓர் அடி தூரம்தான் எட்டும்.

"ரிலீவர் வராம எவங்க்கா லைன்ல நிப்பான்?" என்றான். "பாசண்ணன் இவர ரெண்டாவது வரிசைக்குப் பின்னாலயேல்லா வச்சிருப்பாவ."

வைத்திருப்பாய். அதை உன் அஜாக்கிரதை என்றே நினைத்திருந்தேன். கொல்லப்படக்கூடிய இடத்தில் அவன் நின்றால்தான் விழுந்தவர்கள் எழுவார்கள் என்று எனக்கு ஏன் சொல்லவில்லை? எதிரிக்கு யாராவது சொல்வார்களா என்று சிரிப்பாய், தெரியும். ஆனாலும் சொல்லியிருக்கலாமே.

அவனை முன்னால் நகர்த்தினேன். பகடை உருட்டினேன். ஐந்து பேர் எழுந்தார்கள்.

"எயிந்துட்டானுங்கோ பாரு" என்றாள் அம்மா, மெதுவாக.

அடுத்த சுற்றில் முத்துவின் குதிரைகளுக்கு வழி கிடைத்தது. மந்திரவாதி அடிக்கும் தூரத்தில் இருந்தான். முத்து அளக்கவில்லை. எட்டாது என்று சொல்லிவிட்டுக் குதிரைகளை வேறு பக்கம் திருப்பினான்.

"பாசுகிட்ட இப்படித்தான் ஆடுவியா?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டு குதிரைகளைத் திரும்பக் கொண்டுவந்தான். பகடை விழுந்தது. மந்திரவாதி செத்தான். பொம்மையை எடுக்க முத்துவுக்குக் கை நீளவில்லை. நானே எடுத்து மேசைக்கு வெளியே வைத்தேன். மிச்சப் படை சுற்றுக்குச் சுற்று உதிர்ந்தது. ஒருவனும் ஓடவில்லை, பாசு.

"படை உங்களுக்குத்தாங்க்கா. அவனுவகிட்ட நான் சொல்லிருதேன்" என்றான் முத்து, போகும்போது.

இந்த ஞாயிறு அவனுக்குக் காலை ஷிப்ட். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி மத்தியானத்துக்கு மேல் வருவான். உன் மந்திரவாதியை இனி மலைக்குப் பின்னால் ஒளிக்க மாட்டேன். அடிபடும் தூரத்திலேயே நிறுத்துவேன். அவன் விழுகிற ஞாயிறுகளிலும் கடைசிச் சுற்று வரை ஆடிவிட்டுத்தான் எழுவேன்.

இனி உன் பக்கத்தில் நின்று ஆடும்
உன் அக்கா