பதினான்காவது கேள்வி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருந்தால் இன்னும் கொஞ்சம் படித்துவிடு. உன் பழைய நம்பரில் இப்போது ஒரு தையல்காரர் எடுக்கிறார். போன வாரம் மூன்று தரம் கூப்பிட்டுவிட்டேன். மூன்றாம் தரம், "சட்டை தைக்கணும்னா சொல்லுங்க. அக்கா வேணும்னா நான் எங்கங்க போவேன்?" என்றார். அதனால்தான் கடிதம். வீடு மாறியிருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் போடுகிறேன்.

நான் நலம். டிசம்பரோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பத்தாறு வருஷம் ஊரார் ஏறி இறங்கும் லிஃப்டுகளைப் பழுது பார்த்தது போதும் என்று கம்பெனியே சொல்லிவிட்டது. ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். இனி மணி பார்த்து எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வேலையோடு கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையும் போகிறது. மார்ச் கடைசி வரைதான் செல்லும். அதன் பிறகு நானே ஒரு இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவன் அது இல்லாமல் இங்கே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியாது. ஒரு கம்பெனியில் வயது அறுபத்தாறு என்றதும் "நன்றி ஐயா" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. மனிதக் குரலா மெஷினா என்று இன்னும் தெரியவில்லை. இன்னொரு இடத்தில், இந்த நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் உடன் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். யாரைக் கூட்டிப் போவேன்?

கடைசியில் நம் மொழி பேசும் ஒரு ஏஜெண்ட் பெண் கிடைத்தாள். சலவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஆபீஸ். லிஃப்ட் கிடையாது. ஏறிப் போய் மூச்சு வாங்கி நின்றேன். "சார், இந்த மூச்சை மெடிக்கல் செக்கப் அன்னிக்கு வாங்கிடாதீங்க" என்றாள்.

அவள் கொடுத்த படிவத்தில் பதினான்காவது கேள்வி: பெற்றோர், உடன்பிறந்தோர், யாருக்கு என்ன வியாதி, எந்த வயதில்? பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அக்கா. அப்பா எதனால் போனார் என்றே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்போது நான் இங்கே வந்து ஏழு மாதம்; வந்த தந்தியில் காரணம் இல்லை. பிறகு கேட்க வாய் வரவில்லை. அறுபத்தைந்து வயதுக்குள் குடும்பத்தில் ஒருவருக்கு நெஞ்சு வியாதி வந்திருந்தால் எடுத்துக்கொள்வார்களாம். இரண்டு பேர் என்றால் ஃபைலை மூடிவிடுவார்களாம்.

அப்பாவைப் பற்றி எழுது. அம்மாவுக்கு என்ன எழுதுவது என்றும் சொல். உன் உடம்பைப் பற்றியும் படிவத்தில் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன்.

உன் தம்பி

ஜனவரி 23

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில்.

அப்பா: நெஞ்சுவலி. வயது 59. காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். "இந்தக் கண்ணாடியக் கொஞ்சம் பிடிம்மா" என்றார். பிடித்தேன். அவ்வளவுதான்.

அம்மா: வயது 82. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன். மூன்றாம் நாள் போய்விட்டாள். வியாதி என்று எழுத எதுவும் இல்லை. மற்றது உனக்கே தெரியும். டாக்டரோடு போனில் பேசியவன் நீ.

நான்: வயது 69. ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறேன்.

ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரிப் படிவங்களில் கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. கதை எழுதாதே. காலியிடம் விடாதே. விட்டால் அவர்கள் இஷ்டத்துக்கு நினைத்துக்கொள்வார்கள்.

செக்கப்புக்கு முதல் நாள் நன்றாகத் தூங்கு. மூன்று மாடி ஏறி இறங்கிக்கொண்டிருக்காதே.

இப்படிக்கு,
அக்கா

பிப்ரவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். செக்கப்பும் முடிந்தது. நெஞ்சில் ஒயர்களை ஒட்ட வந்த நர்ஸ், "கூட யார் வந்திருக்காங்க? கோட்டை அவங்ககிட்ட குடுங்க" என்றாள். யாரும் இல்லை என்றேன். கோட்டைக் கதவுக் கைப்பிடியில் மாட்டினேன். படுத்திருந்த நேரம் முழுவதும், யாராவது கதவைத் திறந்தால் கோட்டு கீழே விழுமே என்ற கவலைதான்.

எல்லாம் சரியாக இருக்கிறதாம். பாலிசி நேற்று தபாலில் வந்தது. ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து செல்லும். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கீழே இறங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு வந்தார். சொன்னேன். "நல்லது" என்றார். நாய் என்னவோ நிற்கத்தான் பார்த்தது, அவர்தான் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனவே உனக்குச் சொல்கிறேன். நீ எழுதிய ஐந்து வரியால்தான் இது கிடைத்தது. நன்றி என்று எழுதினால் நீ கோபித்துக்கொள்வாய்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். அவள் மறுபடி எழுந்து நடக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன் அக்கா. வேறொன்றும் இல்லை.

உன்னைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டாயே. பொழுது எப்படிப் போகிறது? வீட்டில் யார் இருக்கிறார்கள்? இங்கே என் அறையில் கேட்கும் ஒரே சத்தம் லிஃப்ட் போய் வருவதுதான். எந்த மாடியில் நின்றது என்று படுத்தபடியே சொல்லிவிடுவேன். நான் இருக்கும் நான்காம் மாடியில் அதிகம் நிற்பதில்லை.

உன் தம்பி

பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

பாலிசி வந்தது கேட்டு மனசு ஆறிற்று. அதைத் துணிக்கடியில் வைக்காதே. கைக்கு எட்டும் இடத்தில் வை.

என் பொழுதுக்கு என்ன? விடிகிறது, போகிறது. மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். அவளுக்கு அவள் ஊரில் ஆயிரம் வேலை, இரண்டு நிமிஷத்தில் "வெச்சிடட்டுமாம்மா?" என்பாள். மாடியை ஒரு தம்பதிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நான் கீழே வந்துவிட்டேன். அந்தப் பெண் நல்லவள். வாளி தூக்கக் கூடாது என்று தெரிந்ததிலிருந்து அவளே தண்ணீர் பிடித்து வைத்துவிடுகிறாள். நடை மட்டும் குதிரை நடை. தலைக்கு மேல் தடதடவென்று இருக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. அவர்கள் வெளியூர் போன நாலு நாள் சத்தமே இல்லாமல், அது அதைவிட எரிச்சலாக இருந்தது.

மாதம் ஒரு தரம் மாத்திரை வாங்கப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ரெக்கார்டு ரூமை எட்டிப் பார்ப்பேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. போன மாதம் ஒரு பையன், "பாட்டி, வெளியாட்கள் உள்ள வரக்கூடாது" என்றான். அந்த அலமாரிகளுக்கு நம்பர் போட்டதே நான்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. சமைக்கச் சோம்பல்பட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுத்துவிடாதே. உன்னைத் தெரியும்.

அக்கா

மார்ச் 5

அக்கா,

என்ன மாத்திரை? வாளி ஏன் தூக்கக் கூடாது? மாடியில்தான் காற்று வருகிறது, செத்தாலும் கீழே படுக்க மாட்டேன் என்பாயே, ஏன் இறங்கினாய்?

ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன் என்று எழுதினாய். நானும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்கு உண்மையைச் சொல்.

தம்பி

மார்ச் 18

தம்பி,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். படித்ததும் ஏஜெண்டிடம் ஓடாதே.

அம்மா போன அடுத்த வருஷம். எனக்கு அறுபத்தொன்று. தாடை வலித்தது. பல்வலி என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போய் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்று அடைப்பு. நெஞ்சைத் திறந்துதான் செய்தார்கள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே பதினோரு நாள் கிடந்தேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை? நீ அங்கிருந்து டாக்டரைக் கூப்பிடுவாய் என்று பயந்தேன். அதுதான் உண்மை. அம்மா விஷயத்தில் நான் டாக்டரிடம் சொல்லி முடித்திருந்தேன்: "வேண்டாங்க, வயசாச்சு, படுக்கையில வெச்சு நான் பாத்துக்கறேன்." அம்மாவும், "கத்தியெல்லாம் வேணாம்டி" என்றாள். நீ கூப்பிட்டாய். "அக்கா, நீ பயந்துக்கிட்டு அம்மாவ முடக்கிப் போட்டுடாத. டாக்டர்கிட்ட நான் பேசிட்டேன். நீ கையெழுத்து மட்டும் போடு." போட்டேன். போடும்போது அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு போன் மணி அடித்தால் எடுக்காமல் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். நம்பரை மாற்றினேன். உனக்குக் கொடுக்கவில்லை.

ஜனவரியில் உன் கடிதம் வந்தது. இரண்டு பேர் என்றால் மூடிவிடுவார்கள் என்று நீயே எழுதியிருந்தாய். 'ஒன்றும் இல்லை' என்று எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உன் மேல் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதற்காக நீ அங்கே கேட்பாரில்லாமல் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும் என்று நினைப்பேனா?

உன்னால் எனக்கு ஒரு கெடுதல் வந்தது. என்னால் உனக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீயும் விட்டுவிடு.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

ஓடாதே என்றாய். இரண்டு நாள் ஓடவில்லை. மூன்றாம் நாள் போனேன்.

ஏஜெண்ட் பெண் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "சார், யாருமே கேக்கலையே. உங்க அக்கா ஃபைல் வேற நாட்டுல கிடக்கு, யார் போய்த் தோண்டப் போறா? பேசாம வீட்டுக்குப் போங்க சார்" என்றாள். அவள் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். படிவத்தை ஒரு தரம் காட்டு என்றேன்.

'சகோதரி' என்ற வரிக்கு நேரே என் கையெழுத்தில் 'ஒன்றும் இல்லை' என்று இருந்தது. உன் நெஞ்சைத் திறந்திருக்கிறார்கள். பதினோரு நாள் கிடந்திருக்கிறாய். அன்றைக்கு நான் இங்கே ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்திருப்பேன். இப்போது தெரிந்த பிறகும் 'ஒன்றும் இல்லை' என்று இருக்கட்டும் என்றால், எனக்கு அது முடியவில்லை அக்கா. அடித்துவிட்டு எழுதினேன். இதய அறுவை, வயது 61. அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள்.

பாலிசி போய்விட்டது. அவள் அரை நாள் எங்கெங்கோ பேசி வேறொன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கண், வயிறு, எலும்பு எல்லாவற்றுக்கும் உண்டு. நெஞ்சு சம்பந்தப்பட்ட எதற்கும் கிடையாது. உன்னிடம் மறைத்து என்ன, பயமாகத்தான் இருக்கிறது. காலையில் பல் விளக்கும்போது தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று முடிவு செய்தது நான். நீ வேண்டாம் என்றாய், அம்மா வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. கையெழுத்தை மட்டும் உன் தலையில் கட்டினேன். நடக்க வேண்டும் என்று நினைத்தேன் என்று பிப்ரவரியில் எழுதினேனே, அது பாதிதான். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவளை நீ பார்த்துக்கொண்டிருக்க, நான் இங்கே இருக்க வேண்டுமே என்ற வெட்கம் மீதி. ஒன்பது வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

புதிய பாலிசியில் ஒரு பக்கம் இருக்கிறது: அவசரம் என்றால் யாருக்குத் தெரிவிப்பது? இத்தனை வருஷமும் எங்கள் ஃபோர்மேனை எழுதிவந்தேன். அவர் போன வருஷம் காலமாகிவிட்டார். உன்னை எழுதியிருக்கிறேன். போன் நம்பர் இல்லாமல் வாங்க மாட்டேன் என்கிறார்கள். கொடுப்பாயா? மனசில்லை என்றால் வேண்டாம். வற்புறுத்த மாட்டேன்.

தம்பி

ஏப்ரல் 20

டேய்,

மடையா. உட்கார்ந்த இடத்தில் ஒரு பொய்யைக் காப்பாற்றத் தெரியவில்லை உனக்கு. கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். மேல்வீட்டுப் பெண் ஓடி வந்து, "யாரம்மா திட்டறீங்க?" என்றாள். என் தம்பியை என்றேன். "உங்களுக்குத் தம்பி இருக்காரா?" என்று கேட்டாள். மூன்று வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறாள்.

அம்மாவைப் பற்றி நீ எழுதிய பத்தியை அன்றைக்குப் படித்ததோடு சரி. மறுபடி படிக்க இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் எடுத்து வைத்திருக்கிறேன்.

தாடை வலித்தால் பல் டாக்டரிடம் போய் உட்காராதே. நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. வாசலில் என்ன கேட்டாலும் நின்று பதில் சொல், திரும்பி வந்துவிடாதே. ஏஜெண்ட் பெண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் அவளைக் கீழே இறங்கி வரச் சொல்.

நம்பரைத் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன். அவசரம் வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்காதே. மணி அடித்தால் எடுப்பேன். எடுத்ததும் எனக்குப் பேச்சு வராமல் போகலாம். அதற்காக வைத்துவிடாதே. இந்தப் பக்கம் இருப்பேன்.

அக்கா